விலையில்லாத் தீனி: சிறு குடியானவரின் பன்றி வளர்ப்பு வரலாறு

பண்ணை விலங்குகளுள் பன்றியின் வரவு செலவுக் கணக்கு மற்றவற்றினின்று வேறுபட்டது. மாடு பால் தருவதோடு ஏரும் வண்டியும் இழுக்கிறது; ஆடு பாலும் கம்பளியும் தருவதோடு கிடை போட்ட வயலுக்கு உரமும் இடுகிறது; கோழி முட்டையிடுகிறது. பன்றியோ உயிரோடிருக்கும் நாள்வரை எருவைத் தவிர வேறெதையும் தருவதில்லை. தின்றதை இறைச்சியாகவும் கொழுப்பாகவும் மாற்றிச் சேர்த்துவைத்து, அறுக்கும் நாளில் மொத்தமாகக் கொடுப்பதே அதன் பயன் என்பதால், பன்றி வளர்ப்பில் ஆதாயமா நட்டமா என்பதைத் தீனியே தீர்மானிக்கிறது. இன்றைய பண்ணைகளிலும் மொத்தச் செலவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தீனிக்கே போகிறது. இதனுடன் இன்னொரு இயல்பும் சேர்ந்துகொள்கிறது. அசைபோடும் விலங்குகளுக்கு உள்ளது போன்ற பல அறை வயிறு பன்றிக்கு இல்லாததால், வைக்கோலையும் காய்ந்த புல்லையும் மட்டும் கொண்டு அது கொழுக்காது. தானியம், கிழங்கு, பால், கொட்டை என்று மனிதனுக்கு உணவாகக்கூடியவையே அதற்கும் உகந்த உணவு. ஆகவே பஞ்சம் வரும்போதெல்லாம் பன்றி மனிதனுக்குப் போட்டியாளராகிவிடுகிறது. மிச்சம் மீதி நிறைந்த காலத்திலோ, வீணாகப் போவதை வீட்டுக்குச் சொத்தாக்கும் துணையாகிறது.

இங்கிலாந்து, அயர்லாந்து, டென்மார்க் ஆகிய மூன்று நாடுகளின் சிறு குடியானவர்கள் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாகப் பன்றிக்கு எதைத் தின்னக் கொடுத்தார்கள், அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்று பார்த்தால் ஒரே போக்கு திரும்பத் திரும்பத் தென்படும். சந்தையில் விலைபெறாத ஒரு பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த காலங்களில் சிறு குடியானவர் பன்றி வளர்த்து நிமிர்ந்தார்; அப்பொருளுக்கு உரிமையாளர் ஒருவர் தோன்றியோ, நோய் தாக்கியோ, சட்டம் குறுக்கிட்டோ அது கைவிட்டுப் போனபோது தீனியை விலைக்கு வாங்க நேர்ந்து, பெரும் பண்ணைகளோடு போட்டியிட முடியாமல் பின்தங்கினார்.

இடைக்கால இங்கிலாந்தில் அவ்வாறு விலைபெறாதிருந்த பொருள் காட்டுக் கொட்டை. ஓக் மரத்தின் காய்களும் பீச் மரத்தின் விதைகளும் இலையுதிர் காலத்தில் காட்டுத் தரையில் கொட்டிக் கிடக்க, கிராமத்துப் பன்றிகளை மந்தையாக ஓட்டிச்சென்று அவற்றைப் பொறுக்கித் தின்னவிடுவது வழக்கம். பன்னேஜ் எனப்பட்ட இந்த மேய்ச்சல் உரிமை, பெரும்பாலும் செப்டம்பர் இறுதியில் வரும் புனித மிக்கேல் திருநாளுக்கும் நவம்பர் 11இல் வரும் புனித மார்ட்டின் திருநாளுக்கும் இடைப்பட்ட காலத்துக்கு உரியது. இதன் முக்கியத்துவத்துக்கு 1086இல் தொகுக்கப்பட்ட டூம்ஸ்டே பதிவேடே சான்று. முதலாம் வில்லியம் மன்னர் வரிவிதிப்புக்காக நாட்டின் நிலபுலன்களைக் கணக்கெடுத்த அப்பதிவேட்டில், எசெக்ஸ், ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் முதலிய பல மாவட்டங்களின் காடுகள் நீள அகலத்தால் அளக்கப்படாமல், இத்தனை பன்றிகளுக்குப் போதுமான காடு என்றே குறிக்கப்பட்டுள்ளன. ஒரு காட்டின் மதிப்பு அதன் மரத்தைவிட, அது எத்தனை பன்றிகளைக் கொழுக்க வைக்கும் என்பதைப் பொறுத்தே எண்ணப்பட்டது என்பதை இதனால் அறியலாம். தென்கிழக்கில் வீல்ட் எனப்படும் பெருங்காட்டுப் பகுதியில், தொலைவிலுள்ள ஊர்களுக்கும் பன்றி மேய்க்கத் தனித்தனி இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. டென் என்று வழங்கிய அந்த மேய்ச்சலிடங்கள் பிற்காலத்தில் டென்டர்டன் போன்ற ஊர்களாக வளர்ந்தன.

காட்டுத் தீனியும் முற்றிலும் இலவசமன்று. சசெக்ஸ், சர்ரே பகுதிகளில் ஏழு பன்றிகளுக்கு ஒன்றை மேய்ச்சலுக்கு ஈடாகப் பிரபுவுக்குக் கொடுக்க வேண்டியிருந்ததை அதே பதிவேடு காட்டுகிறது. எனினும் இந்தக் கட்டணத்தில் குடியானவருக்கு ஒரு வசதி இருந்தது. கையிலிருந்து காசு எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை. கொழுத்த பன்றியிலிருந்தே பங்கு கொடுத்துவிடலாம். 1217இல் வெளியான காட்டுச் சாசனம், அரசரின் காட்டு எல்லைக்குள் சொந்த மரக்காடு வைத்திருந்த சுதந்திரக் குடிகள் அங்கே பன்றி மேய்க்கும் உரிமையை உறுதிசெய்தது. பெரும் பண்ணைகளும் இதே கணக்கைத்தான் பின்பற்றின. 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பண்ணை மேலாளர்களுக்காக ஆங்கிலோ-நார்மன் பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்ட செனெஷௌசி என்னும் கையேடு, களஞ்சியத்துத் தானியத்தைத் தொடாமல் காட்டிலோ சதுப்பிலோ தரிசிலோ பன்றிகள் தாமே வயிறு நிரப்பிக்கொள்ளக்கூடிய இடங்களில் மட்டுமே பன்றி மேய்ப்பவனை அமர்த்த வேண்டும் என்று அறிவுறுத்துகிறது. கடும் பனிக்காலத்தில் சிறிது தானியம் கொடுப்பதை மட்டும் அது ஒப்புக்கொள்கிறது.

தானியம் ஊட்டிப் பன்றியைக் கொழுக்க வைப்பது அக்காலங்களில் செல்வத்தின் அடையாளமாகவே இருந்தது. தமிழிலும் இதற்கு இணையான பழஞ்சான்று ஒன்று உண்டு: பத்துப்பாட்டுள் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை, கள் காய்ச்சுவோர் வாழும் பகுதியில் விருந்தினர்க்குக் கிடைக்கும் சிறப்புணவாக, அரிசி மாவு ஊட்டிப் பல நாள் குழிக்குள் அடைத்து வளர்த்த ஆண்பன்றியின் கொழுத்த இறைச்சியைக் குறிப்பிடுகிறது. நெல்லைப் பன்றிக்கு இடுவது அன்றாட வழக்கமாக இருந்திருந்தால் அது விருந்தின் பெருமையாகப் பேசப்பட்டிருக்காது.

காடுகள் அழிக்கப்பட்டு உழுநிலமும் ஆட்டு மேய்ச்சல் நிலமும் பெருகியதோடு இங்கிலாந்தில் பன்னேஜின் இடம் சுருங்கத் தொடங்கியது. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் இடையே நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஏறத்தாழ 4,000 வேலியடைப்புச் சட்டங்கள், ஊர்ப் பொதுவில் கிடந்த மேய்ச்சலையும் தரிசையும் தனியார் நிலங்களாகப் பிரித்துக் கொடுத்தன. பொது நிலத்தில் மாடு மேய்க்கவும் சுள்ளி பொறுக்கவும் பன்றி விடவும் கூலித்தொழிலாளர் குடும்பங்களுக்கு வழிவழியாக இருந்த உரிமை பெரும்பாலும் எழுத்தில் இல்லாததால், ஈடாக அவர்களுக்குக் கிடைத்தது மிகச் சொற்பம். பலருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மேய்ந்து திரிந்த பன்றி குடிசையின் பின்புறத்துத் தொழுவத்தில் அடைபட்டது. அதற்கு வேண்டிய தீனியைத் தேடிக் கொண்டுவரும் வேலை வீட்டிலுள்ளோர் தலையில் விழுந்தது.

இதே காலத்தில் பன்றியின் உருவமும் மாறியது. நீண்ட காலும் கூரிய முதுகும் கொண்ட பழைய நாட்டுப் பன்றி மெதுவாக வளர்வது; மேய்ச்சலில் கிடைப்பதைத் தின்று, முழு எடைக்கு வர ஒன்றரை இரண்டு ஆண்டுகள் எடுத்துக்கொள்வது. 18ஆம் நூற்றாண்டின் இறுதிக் கட்டத்தில் கான்டனிலிருந்து கப்பல்களில் வந்த சீனப் பன்றிகளோடு அதைக் கலந்து உருவாக்கிய புதிய இனங்கள் விரைவில் கொழுத்தன. ஆனால் அந்த விரைவு தானியமும் பாலும் போன்ற செறிந்த தீனி கிடைத்தால் மட்டுமே கைகூடியது. மேய்ச்சல் கைவிட்டுப் போன அதே தலைமுறையில், மேய்ச்சலைக் கொண்டு வளர்க்க முடியாத பன்றியே சந்தையில் மதிப்புப் பெற்றது.

வீணாகும் பொருளின் மேல் முதலாளிகளின் கண்ணும் விழுந்திருந்தது. வில்ட்ஷயர், குளோஸ்டர்ஷயர் பகுதிகளில் பாலாடைக்கட்டி செய்த பிறகு எஞ்சும் தெளிநீர் பெருமளவில் பன்றிகளுக்குப் போவதையும், அதனால் அங்குப் பன்றியிறைச்சி மலிந்திருப்பதையும் டேனியல் டீஃபோ 1720களில் வெளியிட்ட பயண நூலில் குறிப்பிட்டார். இலண்டனில் சாராய வடிப்பாலைகளும் கஞ்சிப்பசை தயாரிப்போரும் தம் ஆலைச் சக்கையைத் தின்ன ஆயிரக்கணக்கில் பன்றிகளை வாங்கி அடைத்தார்கள். ஆலைக்காரருக்கு அது கழிவை அகற்றும் வழியாகவும் துணை வருமானமாகவும் அமைந்ததால், அவர்கள் விற்ற விலைக்குத் தானியம் வாங்கி வளர்த்தவர் எவராலும் விற்க முடியவில்லை.

வேலியடைப்புக்குப் பிந்தைய கிராமத்துக் கூலியாளின் பன்றிக்காக மிக உரத்து வாதாடியவர் வில்லியம் காபெட். 1821 முதல் 1822 வரை பகுதி பகுதியாக அவர் வெளியிட்ட குடிசைப் பொருளாதாரம் பற்றிய நூல், ரொட்டி சுடுவது, வீட்டிலேயே பீர் வடிப்பது, பசு வளர்ப்பது ஆகியவற்றோடு பன்றி வளர்ப்பையும் கற்பித்தது. உழைக்கும் குடும்பம் நிறைவோடும் நேர்மையோடும் வாழ, சுவரில் தொங்கும் உப்பிட்ட பன்றிப் பாளங்கள் எந்தப் பிரசங்கத்தையும்விடப் பயன் தரும் என்பது அவர் கட்சி. பன்றியைத் தொடக்கத்தில் தோட்டத்துக் கீரையும் கழிவும் கொடுத்து வளர்த்து, கடைசிச் சில வாரங்கள் பார்லி மாவு ஊட்டிக் கொழுப்பேற்ற வேண்டும், இந்தக் கடைசிக் கட்டத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது என்று அவர் வலியுறுத்தினார். உருளைக்கிழங்கை அவர் வெறுத்தார். அது உழைப்பாளியைத் தாழ்ந்த வாழ்வுக்குப் பழக்கும் உணவு என்பது அவர் கருத்து. ஆனால் காபெட்டின் திட்டத்தில் எளிதாகக் கடந்துபோக முடியாத இடம் அந்த பார்லி மாவுதான். கீரையைப் பறிக்கலாம், கழுநீரைச் சேர்க்கலாம். மாவை அரவையாலைக்காரரிடம் காசு கொடுத்தே வாங்க வேண்டும்.

இந்தச் சிக்கலை ஊரார் எவ்வாறு சமாளித்தார்கள் என்பதை, ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரின் ஒரு சிற்றூரில் 1880களில் கழிந்த தம் இளமையை அடிப்படையாகக் கொண்டு ஃபுளோரா தாம்சன் எழுதி 1939இல் வெளியான லார்க் ரைஸ் நூல் நுணுக்கமாகக் காட்டுகிறது. வாரக் கூலி பத்து ஷில்லிங். அதில் பன்றிக்கென்று ஒதுக்க ஒன்றும் மிஞ்சாது. ஆகவே காய்கறி வேகவைத்த நீர் ஒரு சொட்டும் கீழே போகாமல் தொழுவத்துக்குப் போயிற்று; தோட்டத்தில் விளைந்த பொடி உருளைக்கிழங்குகள் பன்றிக்கென்றே பொறுக்கி வேகவைக்கப்பட்டன; பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் சாலையோரத்தில் பால்வடியும் முட்கீரைகளையும் நல்ல புல்லையும் பறித்து வந்தனர்; மழை பெய்த மாலைகளில் வேலியோரமாக வாளியோடு திரிந்து நத்தைகளைப் பொறுக்கி, பன்றியின் இரவு உணவுக்குச் சேர்த்தனர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆண்கள் தொழுவத்துச் சுவரில் சாய்ந்து, பன்றியின் முதுகைத் தடியால் சொறிந்துகொண்டே அதன் எடையை மதிப்பிட்டனர். கடைசிக் கொழுப்பேற்றலுக்கான மாவு மட்டும் இவற்றால் கிடைக்காது. அதற்காக வளரும் பன்றியில் பாதியை முன்கூட்டியே அரவையாலைக்காரருக்கோ ரொட்டிக் கடைக்காரருக்கோ எழுதிவைத்து, அறுக்கும் நாள்வரை மாவைக் கடனாக வாங்குவது வழக்கம். நம் ஊர்களில் ஆட்டையும் மாட்டையும் வாரத்துக்கு விடுவதோடு இதை ஒப்பிடலாம்; வாரத்தில் விலங்கைக் கொடுத்தவர் பங்கு பெறுகிறார், இங்கோ தீனி கொடுத்தவர் பங்கு பெற்றார். வெள்ளிக்கிழமை பாதிப் பன்றி அறுக்கப்போவதாக அவ்வூரார் பேசிக்கொண்டதன் பொருள், மற்றப் பாதி தீனிக் கடனுக்குப் போய்விட்டது என்பதே.

வளர்பிறையில்தான் அறுக்க வேண்டும், தேய்பிறையில் அறுத்தால் இறைச்சி வேகும்போது சுருங்கிவிடும் என்ற நம்பிக்கையும் அங்கு இருந்தது. ஆறேழு மாதத் தீனியை ஒரே நாளில் அறுவடை செய்பவர்களுக்கு ஒரு துளியும் வீணாகக் கூடாது என்ற பதைப்பு இருந்ததில் வியப்பில்லை. அதே பதைப்பிலிருந்து தோன்றிய அமைப்புதான் பன்றிச் சங்கம். மாதந்தோறும் சில பென்னி செலுத்தும் உறுப்பினரின் பன்றி நோயுற்று இறந்தால், சங்கம் அதன் மதிப்பை ஈடுசெய்யும். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பல ஊர்களில் இத்தகைய சங்கங்கள் இயங்கின. பன்றி வைத்திருக்கும் கூலியாளைப் பண்ணை முதலாளிகள் சிலர் விரும்பவில்லை என்பதும் அக்காலப் பதிவுகளில் காணக்கிடைக்கிறது; வேலைக்கு வரும் இடத்திலிருந்து மாவும் தவிடும் அவன் பன்றிக்குப் போய்விடும் என்பது அவர்கள் ஐயம். அந்த ஐயம் நியாயமோ இல்லையோ, தீனியின் விலை கூலியாளின் கைக்கு எட்டாதது என்பதை அவர்களும் அறிந்திருந்தார்கள் என்பதற்கு அதுவே சான்று.

இவ்வாறு வளர்த்த பன்றியில் ஆதாயம் இருந்ததா என்ற கேள்விக்கு, கணக்குப் புத்தகம் தரும் விடையும் குடிசை தரும் விடையும் வேறு வேறு. குட்டி விலை, மாவின் விலை, பிள்ளைகள் கீரை பறித்த நேரம், கிழங்கின் சந்தை மதிப்பு ஆகிய அனைத்தையும் கூட்டினால் செலவு பெரும்பாலும் இறைச்சியின் விலையை எட்டியிருக்கும். ஆனால் கூலியாளின் வீட்டில் அந்தக் கீரைக்கும் நேரத்துக்கும் வாங்குவார் இல்லை. வாரக் கூலியில் ஒரு பென்னியைத் தனியே எடுத்துவைக்க முடியாத குடும்பத்துக்கு, அன்றாடம் வீசியெறிந்திருக்கக்கூடிய சிறு பொருள்களை விழுங்கி வைத்திருந்து குளிர்காலத் தொடக்கத்தில் திருப்பித் தந்த பன்றி, அடுக்களைப் பானையில் சேரும் சிறுவாட்டுப் பணத்தைப் போன்றது. தோட்டத்துக்கு அது தந்த எருவும் கணக்கில் சேர வேண்டும். அந்த எருவில்தான் அடுத்த ஆண்டுக் கிழங்கு விளைந்தது.

அயர்லாந்தில் பன்றிக்கு அவ்வாறு விலையில்லாத் தீனியாக அமைந்த பொருள் உருளைக்கிழங்கு. துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்த குடியானவர் தம் குடும்பத்துக்கும் பன்றிக்கும் சேர்த்தே அதைப் பயிரிட்டார். 1840களின் தொடக்கத்தில் அந்நாட்டில் விளைந்த உருளைக்கிழங்கில் மூன்றில் ஒரு பங்கு அளவு விலங்குகளுக்குத் தீனியானதாக வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகின்றனர். கிழங்கு கனமானது, நெடுநாள் நில்லாது, தொலைதூரச் சந்தைக்கு ஏற்றிச்செல்லக் கட்டுப்படியாகாது. அதைப் பன்றியாக்கிவிட்டால் அதுவே தன் காலால் துறைமுகம்வரை நடந்துபோய் இங்கிலாந்துக்குக் கப்பலேறும். அவ்வாறு விற்ற பணம் நிலக் குத்தகைக்குப் போனதால், குத்தகை கட்டும் கனவான் என்றே பன்றிக்கு அங்கு ஒரு பெயர் வழங்கிற்று. குடும்பம் கிழங்கைத் தின்று வாழ்ந்தது; பன்றியின் இறைச்சியை அது தின்றதில்லை.

1845இல் கிழங்குப் பயிரை அழுகவைக்கும் பூஞ்சை போன்ற நுண்ணுயிர் நோய் அயர்லாந்தைத் தாக்கியபோது, இந்த ஏற்பாட்டின் அடித்தளமே சரிந்தது. 1846ஆம் ஆண்டு விளைச்சல் ஏறத்தாழ முழுவதும் அழிந்தபின், மனிதர்க்கே இல்லாத கிழங்கு பன்றிக்கு எங்கிருந்து வரும்? 1841 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 14 இலட்சமாக இருந்த பன்றிகள் 1847இல் 6 இலட்சத்துச் சொச்சமாகக் குறைந்தன. அதே காலத்தில் அந்நாட்டின் மாடுகள் எண்ணிக்கையில் பெருகின என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மாடு புல்லைத் தின்றது. புல்வெளி பெரும் நிலக்காரரிடம் இருந்தது. பன்றி கிழங்கைத் தின்றது. கிழங்கு ஏழையின் துண்டு நிலத்தில் விளைந்தது. பஞ்சத்தில் அழிந்தது எவருடைய விலங்கு என்பதை இவ்விரண்டு எண்ணிக்கைகளும் தெளிவாகச் சொல்கின்றன. பன்றியை விற்க முடியாதவரால் குத்தகை கட்ட முடியவில்லை. குத்தகை கட்டாதவர் நிலத்தினின்று வெளியேற்றப்பட்டார்.

டென்மார்க்கின் கதை இதற்கு நேர்மாறாக அமைந்தது. 1870களில் அமெரிக்காவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் மலிவான தானியம் ஐரோப்பாவில் குவிந்து விலை சரிந்தபோது, ஜெர்மனி 1879இல் இறக்குமதி வரி விதித்துத் தன் தானிய விவசாயிகளைக் காத்தது. டென்மார்க் வரி விதிக்காமல், அந்த மலிவுத் தானியத்தையே வாங்கிக் கால்நடைக்கு ஊட்டி வெண்ணெயும் இறைச்சியுமாக விற்பதற்குத் திரும்பியது. 1878இல் அறிமுகமான, சுழற்சி விசையால் பாலிலிருந்து ஆடையைப் பிரிக்கும் இயந்திரம் இந்தத் திருப்பத்துக்கு வழிவகுத்தது. ஒரு சிறு குடியானவரால் அந்த இயந்திரத்தை வாங்க முடியாது. ஊரார் கூடி வாங்கலாம். 1882இல் ஜட்லாந்தின் யெடிங் ஊரில் தொடங்கிய கூட்டுறவுப் பாற்பண்ணையைப் பின்பற்றி நாடெங்கும் இத்தகைய பண்ணைகள் பரவின. உறுப்பினர் தம் பாலைக் கொண்டுவந்து ஊற்றுவார்; வெண்ணெய்க்குரிய ஆடை எடுக்கப்பட்டபின், ஆடை நீக்கிய பால் அவருக்கே திருப்பித் தரப்படும். அவ்வளவு பாலையும் குடிக்கவோ விற்கவோ வழியில்லாததால் அது பன்றிகளுக்குப் போயிற்று. மாட்டுக் காசநோய் இந்தப் பால் வழியாகப் பண்ணைக்குப் பண்ணை பரவுவது தெரியவந்ததும், சூடுபடுத்திய பின்னரே அதைத் திருப்பித்தர வேண்டும் என்று 1898இல் சட்டம் வந்தது.

இந்தப் பாலுக்குத் தீனியாக என்ன மதிப்பு என்பதை முறையாக அளந்து காட்டியவர் கோபன்ஹேகன் வேளாண் கல்லூரியின் அறிவியலாளர் நீல்ஸ் யோஹான்னஸ் ஃபியோர்ட். 1880களில் விவசாயிகளின் பண்ணைகளிலேயே நூற்றுக்கணக்கான பன்றிகளைக் கொண்டு அவர் நடத்திய சோதனைகளின்படி, ஒரு கிலோ பார்லிக்கு ஆறு கிலோ ஆடை நீக்கிய பாலோ, பன்னிரண்டு கிலோ பாலாடைக்கட்டித் தெளிநீரோ ஈடாகும். உருளைக்கிழங்கானால் நான்கு கிலோ வேண்டும் என்று டேனியர் பின்னர்க் கணக்கிட்டனர். வேறுபட்ட தீனிகளை ஒரே அளவுகோலில் நிறுத்தும் இந்த முறை, தீனி அலகு என்னும் பெயரில் ஸ்காண்டிநேவிய நாடுகளில் நிலைபெற்றது. இதன் பயனை ஓர் எளிய கணக்கால் உணரலாம். ஒரு பசுவிடமிருந்து ஆண்டில் 1,800 கிலோ ஆடை நீக்கிய பால் திரும்பி வருவதாகக் கொண்டால், அது 300 கிலோ பார்லிக்குச் சமம். ஒரு கிலோ எடை கூட நான்கைந்து கிலோ தானியம் தேவைப்பட்ட அக்காலத்தில், அந்தப் பாலே ஒரு பன்றிக்கு 60 முதல் 75 கிலோ எடையை ஏற்றிவிடும். இரண்டு மூன்று பசுக்கள் மட்டுமே வைத்திருந்தவரும் ஆண்டுக்கு இரண்டு மூன்று பன்றிகளைக் கொஞ்சம் தானியம் மட்டும் வாங்கிச் சேர்த்து விற்பனைக்குக் கொழுக்க வைக்க முடிந்தது.

1887இல் ஜெர்மனி நோய் அச்சத்தால் டென்மார்க்கின் உயிர்ப் பன்றிகளுக்குத் தடை விதித்ததும், அதே ஆண்டு ஹோர்சென்ஸ் நகரில் முதல் கூட்டுறவு இறைச்சிக்கூடம் எழுந்தது. உப்பிட்டுப் பதப்படுத்திய பேக்கன் இறைச்சி இலண்டனின் காலை உணவுக்குக் கப்பலேறியது. 1881இல் ஏறத்தாழ 5 இலட்சமாக இருந்த டேனியப் பன்றிகள் 1914இல் ஏறத்தாழ 25 இலட்சமாயின. 1907 முதல் இயங்கிய சோதனை நிலையங்கள் ஒவ்வோர் இனவழியின் குட்டிகளும் ஒரு கிலோ எடை கூட எத்தனை அலகு தீனி தின்கின்றன என்பதைப் பதிந்து, குறைவாகத் தின்று விரைவாக வளரும் வழிகளையே இனவிருத்திக்குத் தேர்ந்தெடுத்தன.

எனினும் டேனியப் பன்றி பாலோடு இறக்குமதித் தானியத்தையும் தின்றது. முதல் உலகப்போரில் கடல்வழி அடைபட்டபோது இந்தப் பலவீனம் வெளிப்பட்டது. 1917இல் மருத்துவர் மிக்கெல் ஹின்ட்ஹேடயின் ஆலோசனைப்படி, தானியத்தையும் கிழங்கையும் மக்களுக்கே ஒதுக்கும் பொருட்டுப் பன்றிகளின் பெரும்பகுதி அறுக்கப்பட்டது. ஜெர்மனியோ 1915 வசந்த காலத்திலேயே, மனித உணவைப் பன்றிகள் பறிக்கின்றன என்ற பேராசிரியர்கள் சிலரின் வாதத்தை ஏற்று இலட்சக்கணக்கில் அறுத்துத் தள்ளியது. இறைச்சி ஒரேயடியாகச் சந்தைக்கு வந்து, பின்னர்க் கிடைக்காமலே போயிற்று. அமெரிக்காவில் இதற்கு நேரெதிரான தேவை எழுந்தது. நேச நாடுகளுக்குக் கொழுப்பு வேண்டியிருந்ததால், நூறு பவுண்டு பன்றிக்கு எத்தனை புஷல் மக்காச்சோளத்தின் விலை கிடைக்கும் என்னும் விகிதத்தைப் பதின்மூன்றாக நிலைநிறுத்த முயல்வதாக 1917 நவம்பரில் அரசு அறிவித்து, விவசாயிகளைக் கூடுதலாக வளர்க்கத் தூண்டியது. இந்த விகிதம் உயர்ந்தால் எல்லாரும் குட்டிகளைப் பெருக்குவதும், அவை ஓராண்டுக்குப் பின் ஒரே நேரத்தில் சந்தைக்கு வந்து விலையைச் சரிப்பதும், சரிவைக் கண்டு எல்லாரும் குறைப்பதும் மாறி மாறி நிகழ்வதை, ஜெர்மானியப் பொருளியலாளர் ஆர்தர் ஹானாவ் 1928இல் வெளியிட்ட ஆய்வில் பன்றிச் சுழற்சி என விளக்கினார். தீனியை விலைக்கு வாங்கும் சிறு பண்ணைக்காரர் இந்தச் சுழற்சியின் சரிவில் முதலில் விழுபவராக இருந்தார்.

இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டன் இதே கணக்கை எதிர்கொண்டது. 1940 ஜனவரி 8இல் பேக்கன், வெண்ணெய், சர்க்கரை ஆகியவற்றுக்குப் பங்கீடு தொடங்கியது. கப்பலில் இடம் மனிதர் உண்ணும் கோதுமைக்கே போதாத நிலையில், தீனி இறக்குமதி வெட்டப்பட்டு, 1939இல் ஏறத்தாழ 44 இலட்சமாக இருந்த பன்றிகள் 1943க்குள் 18 இலட்சத்துக்குச் சரிந்தன. ஆனால் பெரும் பண்ணைகள் சுருங்கிய அதே ஆண்டுகளில் கொல்லைப் பன்றிக்கு மறுவாழ்வு கிடைத்தது. 1940இல் உருவான சிறு பன்றி வளர்ப்போர் மன்றத்தின் ஆதரவில் பழைய பன்றிச் சங்கங்கள் புதுவடிவில் ஆயிரக்கணக்கில் பெருகி, தொழிற்சாலைகளிலும் தீயணைப்பு நிலையங்களிலும்கூடத் தொழுவங்கள் எழுந்தன. தம் பேக்கன் பங்கீட்டை விட்டுக்கொடுத்தவருக்கு அதற்கு ஈடாகச் சிறிது தீனி மாவு ஒதுக்கப்பட்டது. மற்றது வீட்டுக் கழிவிலிருந்தே வர வேண்டும். தெருமுனைகளில் வைத்த தொட்டிகளில் மக்கள் போட்ட தோலும் எச்சமும் நகராட்சிகளால் திரட்டப்பட்டு, ஆலைகளில் வேகவைத்துக் களியாக்கப்பட்டன. இலண்டனின் டாட்டன்ஹாம் பகுதியில் தயாரான அந்தக் களிக்கு டாட்டன்ஹாம் புட்டிங் என்ற பெயரே ஏற்பட்டது. கழிவை வேகவைக்க வேண்டும் என்ற விதி வெறும் சம்பிரதாயமன்று. வேகாத இறைச்சித் துணுக்கு வழியாகக் கோமாரியும் பன்றிக் காய்ச்சலும் பரவும்.

1954இல் பங்கீடு முடிவுக்கு வந்தபின் மலிவான மக்காச்சோளமும் சோயாப் பிண்ணாக்கும் கலந்த ஆலைத் தீவனம் எங்கும் கிடைத்தது. ஆயிரக்கணக்கில் வளர்ப்பவர் அதை லாரி லாரியாக மொத்த விலைக்கு வாங்கினார். இரண்டு பன்றி வைத்திருந்தவர் மூட்டையாகச் சில்லறை விலைக்கு வாங்கினார். இனவிருத்தியாலும் கணக்கிட்ட ஊட்டத்தாலும் பெரும் பண்ணைகளில் மூன்று கிலோவுக்கும் குறைவான தீனியில் ஒரு கிலோ எடை கூடுமளவுக்கு முன்னேற்றம் ஏற்பட்டது. சிறு வளர்ப்பாளருக்கு எஞ்சியிருந்த ஒரே சாதகம் உணவகங்களும் பள்ளிகளும் தள்ளிய எச்ச உணவு. 2001இல் நார்தம்பர்லாந்தின் ஒரு பன்றிப் பண்ணையில், முறையாக வேகவைக்காத எச்சத்தைத் தீனியாக இட்டதிலிருந்து தொடங்கியதாக முடிவுசெய்யப்பட்ட கோமாரி நோய், அறுபது இலட்சத்துக்கும் மேற்பட்ட விலங்குகளின் அழிப்பில் முடிந்தபோது, அதே ஆண்டு மே மாதத்தில் பிரிட்டன் எச்ச உணவுத் தீனியை அடியோடு தடைசெய்தது. 2002இல் ஐரோப்பிய ஒன்றியமும் அவ்வாறே விதி செய்தது. வீட்டு அடுக்களை வழியாக வந்த காய்கறித் தோலைக்கூடப் பன்றிக்குப் போடுவது அங்கு இன்று குற்றம். எல்லா நாடுகளும் இந்த வழியைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஜப்பான் 2001இல் நடைமுறைக்கு வந்த உணவு மறுபயன்பாட்டுச் சட்டத்தின்கீழ், உரிமம் பெற்ற ஆலைகளில் சூடாக்கிப் பதப்படுத்திய எச்சத்தைத் தீவனமாக்குவதை ஊக்குவிக்கிறது.

தடைக்கான காரணம் மறுக்க முடியாதது. ஒரு தொழுவத்துத் தவறு நாட்டின் கால்நடைகளை இலட்சக்கணக்கில் பலிகொண்டது உண்மை. ஆனால் அதன் பொருளியல் விளைவு வேலியடைப்பு, கிழங்கு நோய், மலிவுத் தீவன ஆலை ஆகியவற்றின் விளைவோடு ஒரே வரிசையில் வைத்துப் பார்க்கத்தக்கது. இங்கிலாந்தின் தெற்கிலுள்ள நியூ ஃபாரஸ்ட் காட்டில், பொது உரிமை பெற்ற குடும்பங்கள் இன்றும் இலையுதிர் காலத்தில் மூக்கு வளையமிட்ட பன்றிகளைக் கொட்டை பொறுக்க விடுகின்றன. பச்சை ஓக் காய்கள் அங்கு மேயும் குதிரைக்கும் மாட்டுக்கும் நஞ்சாவதால், அவற்றைத் தின்று தீர்க்கும் பன்றிகளால் காட்டு நிர்வாகத்துக்கும் ஆதாயம். அந்தச் சில நூறு பன்றிகளுக்கு அப்பால், சிறு குடியானவரின் பன்றியும் பெரும் பண்ணையின் பன்றியும் தின்பது இன்று ஒரே ஆலையின் ஒரே தீவனம். வேறுபாடு அதற்குக் கொடுக்கும் விலையில் மட்டுமே இருக்கிறது, அந்த வேறுபாடும் சிறியவருக்கு எதிராகவே இருக்கிறது. ஒரு நாட்டில் சிறு பன்றி வளர்ப்பு நிலைக்குமா என்பதை அறிய இறைச்சியின் விலையை ஆராய்வதைவிட, அந்நாட்டின் மிச்சம் மீதி எவர் கையில் இருக்கிறது, அதைத் தொழுவம்வரை பாதுகாப்பாகக் கொண்டுசேர்க்கும் செலவை எவர் ஏற்கிறார் என்று கேட்பதே பயனுள்ளது. டேனியக் குடியானவர்கள் அந்தச் செலவைக் கூடி ஏற்றார்கள். அவர்களுடைய கூட்டுறவுப் பாற்பண்ணை பாலைச் சூடாக்கித் திருப்பித் தந்தது. அதை ஏற்க எவரும் முன்வராத இடங்களில், பழி முழுவதும் தொழுவத்தின் மேலும் இழப்பு முழுவதும் அதன் சொந்தக்காரர் மேலும் விழுந்தன.